நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

நினைவையும் மறதியையும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் பலவும் சொந்த வாழ்வைத் தொடுபவை என்பதால் கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தந்தை இறந்த இரவைப் பற்றி எனக்கும் என் தங்கைக்கும் நெடுநாளாக மனத்தாங்கல் இருக்கிறது. கடைசி நேரத்தில் மருத்துவமனையில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் என்பது எனக்குப் பசுமரத்தாணியாகப் பதிந்திருக்கிறது. தான்தான் அருகில் இருந்ததாகவும், நான் விடிந்த பிறகே வந்து சேர்ந்ததாகவும் அவள் சொல்கிறாள். எங்களில் ஒருத்தி பொய் சொல்கிறாளா?

பதில்: பொய் சொல்வதற்கு உண்மை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இருவருமே உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறீர்கள்; ஆகவே பொய் என்ற பேச்சை முதலில் விலக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களில் ஒருவருடைய நினைவாவது, ஒருவேளை இருவருடையதுமே, இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியிருக்கிறது. அப்படி மாறியதற்கான எந்த அடையாளமும் நினைப்பவருக்குத் தெரியாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான் எவருக்கும் கடினமாக இருக்கிறது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தார்கள். மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது, 3 பேருடைய விடைகளே முழுவதுமாக ஒத்துப்போயின. 11 பேருடைய விடைகளில் முக்கியமான விவரம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சிலர் வந்து பேசக் கேட்டதாக முதல் தாளில் எழுதியிருந்த ஒருவர், விடுதி அறையில் தோழியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்ததாகப் பின்னர் சற்றும் தயங்காமல் எழுதினார். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளை எடுத்துக் காட்டிய பிறகும் முதல் நினைவு எவருக்கும் திரும்பவில்லை. எழுத்து தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கும், மனத்தில் தெரிந்தது பின்னால் எழுதிய காட்சிதான்.

இதற்குக் காரணம், நடந்த நிகழ்ச்சி முழுதாக ஓரிடத்தில் பதிந்து கிடப்பதில்லை என்பதே. பார்த்த உருவம் ஓரிடத்திலும், கேட்ட குரல் வேறிடத்திலும், அப்போது நெஞ்சில் எழுந்த உணர்ச்சி இன்னோரிடத்திலுமாகத் துணுக்குகளாகவே தங்குகின்றன; நாம் நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அவற்றைத் திரட்டிக் கோத்து, இடையில் உள்ள வெற்றிடங்களைப் பொது அறிவாலும், பிறர் சொல்லக் கேட்டவற்றாலும், இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஊகத்தாலும் நிரப்பிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932இலேயே இதை எழுதினார். பழக்கமில்லாத நாட்டுக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்துச் சில நாள், சில மாதம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, அவர்கள் தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டும், மீதியைத் தங்கள் உலகத்துக்கு ஏற்றாற்போல் திருத்தியும் சொன்னார்கள். தாங்கள் திருத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

துயரமோ அதிர்ச்சியோ மிகுந்த நேரத்தில் அமிக்டலா என்ற மூளைப் பகுதி முனைந்து செயல்படுவதால், நிகழ்ச்சியின் மையம் ஆழமாகப் பதிகிறது என்பது உண்மைதான். தந்தை இறந்ததையும் அந்த இரவின் கனத்தையும் நீங்கள் இருவரும் மறக்கப்போவதில்லை. ஆனால் யார் எப்போது வந்தார்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பன போன்ற விவரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. தெளிவாகத் தெரிகிறது என்ற உணர்வு மட்டும் கிடைத்துவிடுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலும் இதுவே தெரியவந்தது. தாக்குதலைக் கேள்விப்பட்ட நினைவும், அதற்குச் சில நாள் முன்னர் நடந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றின் நினைவும் மாதங்கள் செல்லச் செல்ல ஒரே அளவில்தான் பிசகின. முன்னதைப் பற்றிய நம்பிக்கை மட்டும் தளரவே இல்லை.

அந்த இரவில் அருகில் இருந்தவர் யார் என்பதை உங்கள் இருவருடைய நினைவைக் கொண்டு இனித் தீர்க்க முடியாது. மருத்துவமனைக் குறிப்போ, அன்று யாருக்காவது எழுதிய கடிதமோ இருந்தால் அது தீர்க்கலாம். இல்லையென்றால், நீண்ட இரவின் வெவ்வேறு வேளைகளில் இருவருமே அவர் கையைப் பிடித்திருக்கக்கூடும் என்பதைத் தங்கையிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அது சமாதானத்துக்காகச் சொல்லும் பேச்சு அல்ல. மற்ற இரண்டு வடிவங்களைப் போலவே அதற்கும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: நினைவு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது? அது உருவாகும்போது உண்மையில் என்ன நடக்கிறது? (கல்லூரி மாணவர்)

பதில்: இந்தக் கேள்விக்கு இன்று நம்மிடம் உள்ள விடையின் பெரும்பகுதி ஒரே மனிதருடைய இழப்பிலிருந்து வந்தது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலிருந்தும், ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்தவர்களையோ புதிதாக நடந்தவற்றையோ அவரால் மனத்தில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. இளமைப் பருவமும், பேச்சும், அறிவுக்கூர்மையும் அவரிடம் அப்படியே இருந்தன.

அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னார். மொலேசன் தொடர்ந்து அதையே மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17, அதில் 8 போனால் 9, அந்த 9ஐப் பிரித்தால் 5, 4 என்று தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேலும் சரியாகச் சொன்னார். கவனம் வேறு பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்துக்குள் அந்த எண் மட்டுமல்ல, எண் ஒன்று சொல்லப்பட்டது என்பதே அவரிடம் இல்லாமல் போயிற்று. கவனத்தில் ஏந்தி வைத்திருக்கும் குறுகிய நேர நினைவும், நிலைத்துத் தங்கும் நினைவும் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதும், முன்னது பின்னதாக மாறுவதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும் என்பதும் இதிலிருந்து உறுதிப்பட்டன.

மில்னர் செய்த இன்னொரு சோதனை அதைவிடவும் வியப்பானது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இரட்டைக் கோடுகளுக்கிடையே நட்சத்திர வடிவத்தை வரையும்படி மொலேசனிடம் சொன்னார். யாருக்கும் முதலில் கை தடுமாறும் வேலை இது. மூன்று நாள் பயிற்சியில் அவர் வெகுவாகத் தேறினார்; ஆனால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும், இதற்குமுன் தான் இதைச் செய்ததில்லை என்றே நினைத்தார். கை கற்றுக்கொண்டதை அவர் அறியவில்லை. திறமைகளையும் பழக்கங்களையும் காக்கும் நினைவுக்கு ஹிப்போகேம்பஸ் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இனி, உருவாகும்போது நடப்பதைப் பார்ப்போம். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும் சந்திப்புகளுக்கு சினாப்ஸ் என்று பெயர். எரிக் கேண்டல் என்ற நரம்பியல் ஆய்வாளர், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ள அப்ளிசியா என்ற கடல் நத்தையை ஆராய்ந்து, சில நிமிடங்களே நிற்கும் நினைவு ஏற்கெனவே உள்ள சினாப்ஸ்களில் ஏற்படும் தற்காலிக வலுவூட்டல் என்றும், நாள்கணக்கில் நிற்கும் நினைவுக்கு நரம்பணுவின் மரபணுக்கள் தூண்டப்பட்டுப் புதிய புரதங்கள் உண்டாகிப் புதிய இணைப்புகளே வளர வேண்டும் என்றும் காட்டினார். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது. நீங்கள் இந்தப் பத்தியை அடுத்த மாதமும் நினைவில் வைத்திருந்தால், உங்கள் மூளையின் கட்டமைப்பு மிகச் சிறிய அளவில் மாறியிருக்கிறது என்று பொருள்.

அந்த வளர்ச்சிக்கு நேரம் வேண்டும். உறக்கமும் வேண்டும். 1994இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், எலிகள் நடமாடும்போது ஹிப்போகேம்பஸில் சேர்ந்து துடித்த நரம்பணுக்கள், அதற்குப் பின் வந்த ஆழ்ந்த உறக்கத்திலும் சேர்ந்தே துடித்ததைப் பதிவுசெய்தார்கள். பகலில் நடந்ததை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்த்து, படிப்படியாக மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியிடம் ஒப்படைக்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் படிப்பவர்கள் இழப்பது ஓய்வை மட்டுமல்ல.

கேள்வி: கொடிய சாலை விபத்து ஒன்றிலிருந்து தப்பியவன் நான். அதை நினைக்கவே கூடாது என்கிறார்கள் சிலர். பேசித் தீர்த்துவிடு என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: நினைவுகூர்தல் நினைவைச் சற்றே நெகிழச் செய்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2000இல் கரீம் நாதர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ ஆகியோர், குறிப்பிட்ட ஓசையைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று அஞ்சப் பழகிய எலிகளுக்கு அந்த ஓசையை மீண்டும் கேட்கச் செய்து, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். அந்த அச்சம் மிகவும் மங்கிவிட்டது. ஓசையை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் செலுத்தியபோது அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, என்றோ உறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட நினைவு, எடுத்துப் பார்க்கும்போது சிறிது நேரம் இளகி, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது.

இதை மனிதருக்கு நேரடியாகப் பொருத்திவிடக் கூடாது. ஒரு மாத்திரையில் துயர நினைவை அழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளரோடு, அந்த நிகழ்ச்சியை முறையாகவும் படிப்படியாகவும் எதிர்கொள்ளும் சிகிச்சை பலருக்கு நன்மை தருகிறது என்பது நிலைநாட்டப்பட்ட ஒன்று. வலிந்து அடக்குவதால் நினைவு போய்விடுவதில்லை. பல சமயம் எதிர்பாராத நேரத்தில் இன்னும் வேகமாக வருகிறது. அதே நேரத்தில், பேசு பேசு என்று சுற்றத்தார் நச்சரிப்பதும் தவறு. விபத்து நடந்தவுடன் பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை பயன் தரவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு கைவிடப்பட்டது. எப்போது, யாரிடம், எவ்வளவு பேசுவது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். உறக்கம் கெடுகிறது, சாலையில் இறங்கவே முடியவில்லை என்ற நிலை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நான் வழக்கறிஞர். நேரில் கண்ட சாட்சி, அதுவும் பாதிக்கப்பட்டவரே, இவர்தான் என்று கை நீட்டிச் சொன்னால் அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதிடுகிறார்கள். அறிவியல் இதை ஏற்கிறதா?

பதில்: ஏற்கவில்லை. இந்தத் தவறுக்காகக் குற்றமற்றவர்கள் தங்கள் வாழ்வின் நல்ல ஆண்டுகளைச் சிறையில் கழித்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1984இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், இளம்பெண் ஒருவர் தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உயிர் பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற உறுதியுடன், அந்த வேதனையிலும் அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டார். பின்னர் காவல்துறையினர் அவர் முன் 6 புகைப்படங்களை வைத்தார்கள். சில நிமிடங்கள் பார்த்துவிட்டு ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். நன்றாகச் செய்தீர்கள் என்று அதிகாரிகள் அவருக்கு ஊக்கம் கூறினார்கள். அடுத்து நடந்த நேரடி அடையாள அணிவகுப்பிலும் காட்டனையே அடையாளம் காட்டினார். படத்திலும் அணிவகுப்பிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். 1985இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உண்மையான குற்றவாளியான பாபி பூல் என்பவன் மறு விசாரணையின்போது அந்தப் பெண்ணின் முன்னால் நிறுத்தப்பட்டும், அவனைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் உறுதியாக நம்பிச் சொன்னார். பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த காட்டன், 1995இல் டிஎன்ஏ சோதனை பூலைக் காட்டிக்கொடுத்த பிறகே விடுதலையானார்.

அந்தப் பெண்ணைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. புகைப்படத்தில் பார்த்த முகம் மெல்ல மெல்ல அந்த இரவின் முகமாகிவிட்டது. ஒவ்வொரு முறை அடையாளம் காட்டியபோதும், ஒவ்வொரு முறை பாராட்டப்பட்டபோதும் அந்த நினைவு இறுகியது. நீதிமன்றத்துக்கு வந்தபோது அவரிடம் துளி ஐயமும் இல்லை. நடுவர்கள் நம்பியது அந்த ஐயமின்மையைத்தான். பின்னாளில் இருவரும் சேர்ந்தே, அடையாள அணிவகுப்பு முறைகளைத் திருத்தக் கோரிப் பல மேடைகளில் பேசினார்கள்.

கேட்கும் சொல்லே நினைவை மாற்றும் என்பதையும் வழக்கறிஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குக் காட்டி, வண்டிகள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும், இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு வாரத்துக்கு முன் காதில் விழுந்த ஒரே சொல், இல்லாத கண்ணாடியைக் கண்ணால் கண்டதாக ஆக்கிவிட்டது. விசாரணை அறையில் எத்தனை முறை, எத்தனை பேர், எத்தனை விதமாகக் கேட்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயுதத்தின் மீது கண் நிலைத்துவிடுவதும், வேற்றினத்தாரின் முகங்களை வேறுபடுத்துவதில் தடுமாறுவதும் தனிக் காரணங்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை, அடையாள அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது என்றும், சாட்சி முதல்முறை அடையாளம் காட்டும் அந்தக் கணத்தில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அவருடைய சொற்களிலேயே பதிவுசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நீங்கள் குறுக்கு விசாரணையில் தேட வேண்டியது அந்த முதல் கணத்தைத்தான். முறையாக நடத்தப்பட்ட முதல் அணிவகுப்பில் காட்டிய உறுதிக்கு மதிப்பு உண்டு. மாதங்கள் கழித்துக் கூண்டில் நின்று காட்டும் உறுதிக்கு அந்த மதிப்பைத் தர இயலாது.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தையாக மாடிப்படியில் உருண்டு விழுந்தது எனக்குக் காட்சியாகவே நினைவிருக்கிறது. யாரும் நம்புவதில்லை.

பதில்: விழுந்தது உண்மையாக இருக்கலாம். காட்சி பிற்பாடு உருவானதாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியே தொடங்குகிறது. ஹிப்போகேம்பஸ் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது, நடந்ததைக் கதையாகக் கோக்க மொழியும் தேவைப்படுகிறது. உங்கள் காட்சியில் விழும் குழந்தை உங்களுக்கு வெளியிலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அது வீட்டார் சொல்லக் கேட்டு நீங்கள் வரைந்துகொண்டதாக இருக்கலாம்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜான் பியாஜேயும் இதிலிருந்து தப்பவில்லை. இரண்டு வயதில் பாரிஸ் நகரின் ஷாம்ப்ஸ் எலிசே சாலையில் தன்னைத் தள்ளுவண்டியில் அழைத்துச் சென்றபோது ஒருவன் கடத்த முயன்றதும், செவிலித்தாய் எதிர்த்துப் போராடியதும், அவர் முகத்தில் கீறல்கள் விழுந்ததும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தன. பியாஜேக்குப் பதினைந்து வயதை எட்டிய காலத்தில் அந்தச் செவிலித்தாய், அது தான் கட்டிய கதை என்று அவருடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதி, வீரத்துக்குப் பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கேள்வி: எத்தனை முறை படித்தாலும் தேர்வில் மறந்துவிடுகிறது. நினைவாற்றலைக் கூட்ட மருந்து இருக்கிறதா?

பதில்: மருந்தைத் தேட வேண்டாம், படிக்கும் முறையை மாற்றுங்கள். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். ஆகவே ஒரே மூச்சில் நான்கு முறை படிப்பதைவிட, நாள் விட்டு நாள் இடைவெளி கொடுத்துப் படிப்பது நிற்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும், ஒரு பகுதியைச் சில மாணவர்களை நான்கு முறை படிக்கச் சொன்னார்கள். வேறு சிலரை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் வெற்றுத்தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரும் ‘எல்லாம் தெரியும்’ என்ற உணர்வு நம்மை ஏமாற்றுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். திணறும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

கேள்வி: எதையோ எடுக்க அடுத்த அறைக்குப் போகிறேன்; போனதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. வயது 41. அஞ்ச வேண்டுமா?

பதில்: வேண்டாம். கவனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். நடக்கும்போது வேறொன்றை எண்ணினால் முதலில் இருந்தது நழுவிவிடும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனால் பெரும்பாலும் நினைவு வந்துவிடும்.

கேள்வி: எதையும் மறக்காத மனிதர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

பதில்: தம் வாழ்வின் ஏறத்தாழ ஒவ்வொரு நாளையும் தேதி வாரியாகச் சொல்லக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். முதலாமவரைப் பற்றி ஜேம்ஸ் மெகாவின் குழுவினர் 2006இல் எழுதினார்கள். தனக்கு அது பெரும் சுமை என்று அந்தப் பெண் அவர்களுக்கு எழுதியிருந்தார். ஆனால் 2013இல் இத்தகைய 20 பேரைச் சோதித்தபோது, பொய்யான தகவலைக் கொடுத்து அவர்களுடைய நினைவையும் மற்றவர்களுடையதைப் போலவே எளிதில் திரிக்க முடிந்தது. நிறைய நினைவிருப்பது வேறு, நினைவு பிசகாதிருப்பது வேறு.

கேள்வி: என் தாய்க்கு 74 வயது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போதுதானே சொன்னேன் என்று கோபப்பட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறேன். ஐம்பது ஆண்டுக்கு முந்தையதெல்லாம் அவருக்குத் துல்லியமாக நினைவிருப்பதால், வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூடச் சில வேளை தோன்றுகிறது.

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை. முதுமையில் பெயர்கள் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுப்பதும், பிறர் அடியெடுத்துக் கொடுத்தால் வந்துவிடுவதும் இயல்பு. சொன்ன பதிலே பதியாமல், சொல்லப்பட்டது என்பதும் தெரியாமல் இருப்பது அப்படிப்பட்டதல்ல. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் சிதைவது ஹிப்போகேம்பஸும் அதன் அண்டைப் பகுதியும்தான். ஆகவே புதியது பதியாது, பல ஆண்டுகளாகப் புறணியில் வேரூன்றிய பழையது வெகுகாலம் நிற்கும். உங்கள் தாய் அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் முதல்முறையாகவே கேட்கிறார்.

உங்கள் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1911இல் ஜெனீவா மருத்துவர் எடுவார் கிளாபரேட், புதிதாக எதையும் நினைவில் கொள்ள முடியாத தம் நோயாளி ஒருவரோடு கை குலுக்கும்போது விரல்களுக்கிடையே ஒளித்திருந்த குண்டூசியால் குத்தினார். சற்று நேரத்தில் அந்த அம்மையார் குத்தியதை மறந்துவிட்டார்; ஆனால் மருத்துவர் மறுபடி கையை நீட்டியதும் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 2010இல் ஹிப்போகேம்பஸ் சிதைந்த நோயாளிகளிடமும், 2014இல் அல்சைமர் நோயாளிகளிடமும் நடந்த ஆய்வுகளில், துயரமான படக்காட்சிகளைப் பார்த்தவர்கள் பார்த்ததை மறந்த பிறகும் அந்தத் துயரம் அவர்களிடம் தங்கியிருந்தது. உங்கள் பதில் தாயிடம் தங்காமல் போகலாம். அதைச் சொன்ன குரலின் கடுமையோ கனிவோ தங்கிவிடும். அடிக்கடி கேட்கும் கேள்விக்கான விடையைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நடக்காத ஒன்றை நடந்ததாக அவர் சொன்னால், அதனால் கேடு விளையாதவரை மறுத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் நோய் இதுதான் என்று நீங்களாக முடிவுகட்டிவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், காது கேளாமை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ விரைவில் பாருங்கள். போகும்போது, மறதி எப்போது தொடங்கியது, படிப்படியாக வந்ததா திடீரென வந்ததா, பழகிய வழியில் தடுமாறினாரா, பணக் கணக்கில் குழம்பினாரா என்பவற்றைத் தேதியோடு எழுதி, அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் குறைகளை அடுக்குவது அவருக்கு வேதனை தரும் என்பதால், எழுதிய தாளை மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.